பிள்ளைக்கு, கோட்டையடியால வந்து எழுதுறது

அன்பான பிள்ளைக்கு,

நான் சுகம். பிரசர் குளிசை ஒழுங்காப் போடுறன், பின்னேரத்தில குஞ்சியம்மா எட்டிப் பாத்திட்டுப் போறவா. நீ கோல் எடுத்து ஐஞ்சு கிழமையாச்சு, வேலை கூட எண்டு மெசேஜ் போட்டனி, அதை நான் பிழையா எடுக்கேல்ல. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா போனாப்பிறகு வீட்டுக்குள்ள இருக்க ஏலாமல் கிடந்துது. நாலு மணியெண்டா அவா தேத்தண்ணி ஆத்திற சத்தம் கேக்கிற மாதிரி இருக்கும், அந்த நேரத்தில சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிடுவன், எங்க எண்டு இல்லாமல் போய்ப்போய்க் கடைசியில நீ சின்னனில கொப்பி கொண்டுபோய்க் கீறின இடங்களுக்கெல்லாம் போயிட்டன். 68 வயசு வரைக்கும் யாழ்ப்பாணத்தில இருந்தும் ஒண்டையும் நிண்டு பாக்கேல்ல எண்டு இப்பதான் விளங்குது.

மந்திரிமனை முகப்பில அந்த மரவேலை இருக்கெல்லே, நீ ரெண்டு சனிக்கிழமை குந்தியிருந்து கீறினது. பூவையும் கொடியையும் எவ்வளவு பொறுமையாச் செதுக்கியிருக்கிறாங்கள், காரை உரிஞ்ச சுவருக்கு மேல அது மட்டும் வடிவா நிக்குது. சங்கிலியன் ராசான்ர மந்திரி இருந்த வீடெண்டு சனம் சொல்லும், இப்ப நிக்கிற கட்டிடம் அவ்வளவு பழசில்லை அப்பா எண்டு பதினாலு வயசில நீ எனக்குச் சொன்னனி. அதை நான் எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன். உனக்குத் தெரியாது.

லைப்ரரிக்குப் போனா சரஸ்வதி சிலைக்கு முன்னால இருக்கிறனான். 1981 மே கடைசி இரவு அது எரியேக்க எனக்கு 24 வயசு, 97,000 புத்தகம். மெட்ராஸ் நரசிம்மன் கீறின பிளான், 1959இல திறந்தது, பிறகு அதே முகத்தோடதான் திருத்தினவை. எரிஞ்சதை எரிஞ்சபடியே விடவேணும், சனம் பாக்கவேணும் எண்டு கொஞ்சப்பேர் நிண்டவை. நான் மற்றப் பக்கம், பிள்ளையள் படிக்க வேணும், வெள்ளையடிச்சு நிமித்துங்கோ எண்டு சின்ன மாமாவோட சண்டையே பிடிச்சனான். இப்ப அந்த வெள்ளைச் சுவரைப் பாக்க, மாமா சொன்னதிலயும் ஏதோ இருக்குப்போல கிடக்கு.

இரவில கதவைப் பூட்டிப்போட்டுப் படு. ரெண்டு தரம் பார். பக்கத்து வீட்டில ஆரும் தமிழ்ச்சனம் இருந்தா அவையின்ர நம்பரை வைச்சிரு. மருமகனுக்கும் சொல்லு எண்டு எழுத வந்தனான், சரி, அது இருக்கட்டும். போன முறை வீடியோவில உனக்குப் பின்னால சுவர் வெறுமையாக் கிடந்துது, ரெண்டு ஆணி மட்டும் தெரிஞ்சுது, பெயின்ற் அடிக்கப் போறியள் எண்டு நினைச்சன். நேரத்துக்குச் சாப்பிடு பிள்ளை, முகம் வத்திப் போச்சு.

நேற்றுக் கோட்டைக்குப் போனன். போர்த்துக்கேயர் கட்டினதை ஒல்லாந்தர் 1658இல பிடிச்சுப் பிறகு ஐஞ்சு மூலையாப் பெருப்பிச்சது, உனக்குத் தெரிஞ்ச கதைதான். உள்ளுக்க அவையின்ர 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் சிலுவை மாதிரி நிண்டது, சண்டையில போயிட்டுது, இப்ப கல்லுக்குவியல். அந்தக் கல்லொண்டில இருந்தன். முருகைக்கல். கிட்டப் பிடிச்சுப் பாத்தா ஒவ்வொண்டிலயும் சின்னச்சின்ன நட்சத்திரம் நட்சத்திரமா ஓட்டை, சிலதில கைரேகை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கோடு. கடலுக்குள்ள உயிரோட கிடந்ததெல்லே. விரலால தடவிக்கொண்டு இருக்கேக்க அம்மான்ர கை ஞாபகம் வந்திட்டுது, ஆஸ்பத்திரியில ஊசி ஏத்தி ஏத்தி வீங்கின கை.

பிள்ளை, உனக்கு ஒண்டு சொல்லேல்ல. கடைசிக் கிழமை நீ கோல் எடுத்து வரட்டோ எண்டு கேட்டனி, நான் பயப்பிட ஒண்டுமில்லை, லீவை வீணாக்காத எண்டு சொன்னன். அதை அம்மா சொல்லச் சொன்னதெண்டு நீ நினைச்சுக்கொண்டு இருக்கிறாய். இல்லை. அவா உன்னைக் கூப்பிடச் சொல்லி மூண்டு நாள் என்னைக் கேட்டவா. பிள்ளையின்ர குரல் சரியில்லை, அவளுக்கு அங்க என்னவோ, இஞ்ச கூப்பிடுங்கோ, என்னைப் பாக்க இல்லை, நான் அவளைப் பாக்க எண்டு சொன்னவா. டொக்டர் எனக்குச் சொல்லிப்போட்டார், எனக்குத் தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் உனக்கு ஒண்டுமில்லை எண்டனான். டிக்கெட் காசு, உன்ர வேலை எண்டு நூறு காரணம் வைச்சிருந்தன். உள்ளதைச் சொன்னா, நீ வந்து அழுதா அவா போறது உண்மையாயிடும் எண்டு பயந்திட்டன். செத்தவீட்டுக்கும் உன்னால வரேலாமல் போச்சு. உனக்கு என்னில கோவம் எண்டா அது நியாயம். அம்மாவில கோவப்படாத, அவா உன்னை வேண்டாமெண்டு சொல்லேல்ல.

பின் அறையைத் துப்பரவாக்கி யன்னல் கொக்கி மாத்தினனான். உன்ர கொப்பியள் மேல் தட்டில இருக்கு, மூண்டில கரையான் பட்டிட்டுது, மந்திரிமனை கீறினது தப்பியிருக்கு. ஆண்டுத் திவசம் வருகுது, திகதியை ஐயரிட்டக் கேட்டு எழுதுறன். சென்னைக்கு வந்தா அங்கயிருந்து பலாலிக்குப் பிளேன் இருக்கு, கொழும்பால சுத்தத் தேவையில்லை. ஒராளுக்கு மட்டும் டிக்கெட் போட்டாலும் காணும். ஏன் எண்டு நானும் கேக்கமாட்டன், குஞ்சியம்மாவையும் கேக்க விடமாட்டன்.

அப்பா