இரண்டாம் ராத்திரிக்குள் பணம் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புலிகள் தினத்தன்று உங்கள் நாளிதழில் வந்த பக்கத்தைப் படித்தேன். தமிழ்நாட்டில் 2006-இல் 76 புலிகள், 2022 கணக்கெடுப்பில் 306 புலிகள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். படிக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் மசினகுடிக்குப் பக்கத்தில் மாவனல்லாவில் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவள். போன மாசி வரை ஐந்து மாடு இருந்தது. அந்த ஐந்தாவது மாட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

செவலை என்று பெயர். இரண்டாவது ஈத்து, இரண்டு நேரமும் சேர்த்து ஏழு லிட்டர் கறக்கும். அன்று சாயங்காலம் மற்ற மாடெல்லாம் பட்டிக்கு வந்துவிட்டன, அது மட்டும் வரவில்லை. ராத்திரியில் தேடப் போகாதே என்று மகனைப் பிடித்து வைத்தேன். விடிந்து போய்ப் பார்த்தால், எங்கள் நிலத்து ஓரத்தில் புல் மடங்கிக் கிடந்தது. அங்கிருந்து இழுத்த தடம் ஓடைப்பக்கம் உண்ணிச்செடிப் புதருக்குள் போனது. அறுபது தப்படி இருக்கும். கழுத்தில் பல் பட்ட ஓட்டை, பின்தொடை தின்றிருந்தது. சிறுத்தை என்றால் வயிற்றில் தொடங்கும், புலி பின்பக்கம் தொடங்கும் என்று இங்கே மாடு மேய்க்கிற சின்னப் பையனுக்கும் தெரியும்.

நிவாரணம் கேட்கப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள். முதல் கேள்வி, மாடு எங்கே செத்தது, பட்டாவிலா காட்டிலா? அடித்தது பட்டாவில், கிடந்தது காட்டில் என்றேன். அப்படி எழுத விண்ணப்பத்தில் இடம் இல்லையாம். கால்நடை டாக்டர் வந்து பார்த்துச் சான்று தரவேண்டும். அவருக்கு அன்று வேறு ஊரில் முகாம், மறுநாள் மத்தியானம்தான் வந்தார். அதுவரை உடலை யாரும் தொடக்கூடாது. அப்புறம் ஆதார், சிட்டா, பாஸ்புக், போட்டோ மூன்று. எல்லாம் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. ‘கோப்பு மேலே போயிருக்கிறது’ என்கிறார்கள். எவ்வளவு மேலே என்றுதான் தெரியவில்லை.

பணம் தாமதமாவது எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான், இதற்கு ஏன் ஒரு கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். நான் சொல்ல வந்தது டாக்டருக்காகக் காத்திருந்த அந்த ராத்திரியைப் பற்றி.

புலி ஒரே மூச்சில் ஒரு மாட்டைத் தின்று தீர்க்காது. வயிறு நிறைந்ததும் பக்கத்தில் எங்காவது தண்ணீரும் நிழலும் பார்த்துப் படுத்துக்கொள்ளும், இருட்டினதும் திரும்பி வரும். அது வரும் என்று நமக்குத் தெரியும், எந்த இடத்துக்கு வரும் என்றும் தெரியும். அன்று பொழுது சாய்கிற நேரத்தில் தெரிந்தவர் ஒருவர் வந்தார். பையில் பூச்சிமருந்து பாட்டில். “அக்கா, ரெண்டு மூடி ஊத்தினாப் போதும். யாருக்கும் தெரியாது” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் முந்தின வருஷம் ஒரு கன்று போயிருந்தது, ஒரு ரூபாய் வரவில்லை.

அந்தப் பாட்டிலை நான் வாங்கவில்லை. ஆனால் உடனே ‘வேண்டாம்’ என்று சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். எனக்குப் புலிமேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. என் மகன் ஜீப் ஓட்டுகிறான், வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது “புலி பார்க்கலாமா?” என்பதுதான். வீட்டில் பாதிச் சோறு புலியால் வருகிறது. ஜெயில் பயமும் இருந்தது. இன்னொன்று, பாறுக் கழுகு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மாடு செத்தால் ஒரு மணி நேரத்தில் வானம் கருத்துவிடும். இப்போது மாயாறு பள்ளத்தாக்கில்தான் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசியால், அந்த மாட்டின் உடலைத் தின்று செத்தது போக மிச்சம். 2006-இல் அந்த மருந்தை மாடுகளுக்குப் போடக்கூடாது என்று அரசு தடுத்தது. புலிக்கு வைக்கிற விஷம் புலியோடு நிற்காது. கழுகு, நரி, செந்நாய், காட்டுப்பன்றி என்று அந்த உடலில் வாய் வைக்கிற எல்லாவற்றுக்கும் போகும்.

நான் நின்றது போல எல்லாரும் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. 2023 ஆகஸ்ட், செப்டம்பரில் எங்கள் நீலகிரியில் மட்டும் பத்துப் புலிகள் செத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதில் ஆறு குட்டிகள். இரண்டு குட்டிகள் எங்கள் சீகூர்ப் பக்கம். மேலே அவலாஞ்சியில் இரண்டு பெரிய புலிகள் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. புலி அடித்த தன் மாட்டின் உடலில் விஷம் வைத்ததாக மாட்டுக்காரர் ஒருவரைக் கைது செய்தார்கள். அவர் செய்தது குற்றம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டிலைப் பார்த்த அன்று எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வந்தது. கணக்கெடுத்து முடிக்க மாதக்கணக்காகிறது, கேமரா கட்டுகிறார்கள், வரி பார்த்து அடையாளம் சொல்கிறார்கள். அப்படி எண்ணிய புலிகளில் இரண்டு ஒரே மாட்டின் உடலோடு போய்விட்டன.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். சீகூர்ப் பக்கம் எருவுக்காகவே நூற்றுக்கணக்கில் மாடு கட்டுகிற பட்டிகள் உண்டு. சாணம் லாரியில் கேரளத் தோட்டங்களுக்குப் போகும். மாடு யாரோ வெளியூர்க்காரர் பணம் போட்டு வாங்கியது, மேய்ப்பவர் கூலிக்காரர். அந்த மாடெல்லாம் மானுக்கு உரிய புல்லைத்தான் தின்கிறது. அதற்கும் இழப்பீடு கேட்டால் அரசு யோசிக்கத்தான் செய்யும். நாலு மாட்டுக்காரியையும் நானூறு மாட்டுக்காரரையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும்.

மான் என்றதும் உண்ணிச்செடி ஞாபகம் வருகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் பூவுக்காகக் கொண்டுவந்து தோட்டத்தில் வைத்த செடி. இன்று இந்தியாவில் புலி வாழும் காடுகளில் பத்தில் நாலு பங்கு இடத்தில் இது பரவியிருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இங்கே வந்து பார்த்தால் அது குறைவு என்றே தோன்றும். இடுப்புயரப் புதருக்கு அடியில் ஒரு புல் முளைக்காது. மான் அதைக் கடிக்காது, மாடும் கடிக்காது. ஒரு புலிக்கு வாரத்துக்கு ஒரு மான் வேண்டும், வருஷத்துக்கு ஐம்பது. வரைபடத்தில் முதுமலை 688 சதுர கிலோமீட்டர் என்று பச்சையாகத்தான் இருக்கும். புல் இல்லாத பச்சையில் மான் எங்கிருந்து வரும்? ஒரு மரம் வெட்டாமலே காடு சுருங்கிக்கொண்டிருக்கிறது. மேயப் புல் இல்லாமல் மானும் என் மாடும் ஊர் ஓரத்துக்கு வந்து நிற்கின்றன, புலி பின்னாலேயே வருகிறது. கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் இந்த உண்ணிக்குச்சியை வளைத்து நிஜ அளவில் யானை செய்து, 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் போய் நின்றன. நல்ல வேலைதான். மிச்ச உண்ணி இங்கேயே நிற்கிறது. உண்ணியைப் போலவே பரவுகிற மஞ்சள் கொன்னை மரத்தைக் காகித ஆலைக்கு வெட்டிக்கொண்டு போகிறார்கள், அதுவும் நல்லது. ஆனால் வெட்டின இடத்தில் அடுத்த இரண்டு மூன்று மழைக்காலம் கூடவே இருந்து பிடுங்கினால்தான் புல் வரும் என்று இருளர் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

சரி, எனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்பீர்கள். புலி மாட்டை அடித்தால், அது திரும்பி வருகிற இரண்டாம் ராத்திரிக்கு முன்னால் மாட்டுக்காரர் கையில் ஒரு தொகை இருக்கவேண்டும். முழுத் தொகை வேண்டாம், கால் பங்கு போதும். மிச்சத்தைக் கோப்பு இறங்கி வந்ததும் கொடுக்கட்டும். உடலை அப்படியே விட்டுவைக்கிறேன், புலி வந்து தின்று போகட்டும் என்று அந்த இடத்திலேயே மாட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். விஷம் கலந்தது தெரிந்தால் மிச்சப் பணமும் கிடையாது, கேஸும் உண்டு என்று சொல்லட்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. உத்தராகண்டில் கார்பெட் காப்பகத்தைச் சுற்றி கார்பெட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 1990-களிலிருந்தே இப்படி உடனடிப் பணம் கொடுத்து வருகிறது. என் மகனின் ஜீப்பில் வந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். இங்கே காவலர்கள் ரோந்து போகும்போது புலியின் தடத்தையும் எச்சத்தையும் போனில் இடத்தோடு பதிகிறார்கள், அதற்கு எம்-ஸ்ட்ரைப்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. புலி நடந்த இடத்தைப் பதிகிற போனில் மாடு விழுந்த இடத்தைப் பதிய முடியாதா? பட்டாவா காடா என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கும். அந்தக் காவலர்களில் பலர் எங்கள் ஊர்ப் பையன்கள்தான். புலி அடித்ததா, நாய் அடித்ததா என்று அவர்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

2021-இல் டி23 என்ற புலியைப் பிடித்தபோது என்ன நடந்தது என்று பார்த்தவள் நான். நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி அது. மசினகுடியில் ஊரே சாலையில் உட்கார்ந்தது, நானும் உட்கார்ந்தேன். கும்கி யானை, ட்ரோன், மோப்ப நாய், பக்கத்து மாநில ஆட்கள் என்று 21 நாள் தேடி, கொல்லாமல் அக்டோபர் 15-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். மெச்சத்தான் வேண்டும். ஒரு புலிக்காக அத்தனை பேர் வந்து இறங்க முடிகிறது என்றால், ஒரு மாட்டுக்காக ஒரு ஆள் அன்றைக்கே வர முடியாதா என்றுதான் கேட்கிறேன்.

என் பெயரைப் போட வேண்டாம். கோப்பு இன்னும் மேலேதான் இருக்கிறது.

நேற்றுக் காலை ஓடை மணலில் மறுபடி தடம் இருந்தது, என் உள்ளங்கையை விடப் பெரிது. செவலையின் கிடாரிக் கன்று இப்போதுதான் மேயப் பழகுகிறது. இன்று நாலரை மணிக்கே எல்லாவற்றையும் பட்டியில் அடைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
ஒரு மாட்டுக்காரி,
மாவனல்லா, நீலகிரி மாவட்டம்