கேலிப்படத்தின் அடிவரியை வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த கரீபியத் தீவான ஜமைக்கா பற்றிய பழைய கேலிப்படம் ஒன்றை ஞாயிறு இணைப்பில் முழுப்பக்கத்துக்கு வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் படத்தின் கீழ் ஓரத்தை வெட்டிவிட்டு, 'இராணுவ ஆட்சியையும் அடிமை முறையையும் எதிர்த்த படம்' என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். வெட்டுப்பட்ட அந்த ஓரத்தில்தான் விஷயமே இருக்கிறது: தேதியும் பதிப்பாளர் பெயரும் உள்ள அடிவரி அங்கேதான் இருக்கும்.

1735-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டப்படி, பதிப்புரிமை கோரும் ஒவ்வொரு தகட்டுப் படத்திலும் (உலோகத் தகட்டில் கீறி அச்சிட்ட படம்) வெளியான நாளும் உரிமையாளர் பெயரும் பொறிக்கப்பட வேண்டியிருந்தது. ஜமைக்கா படங்கள் பலவற்றில் அந்த இடத்தில் லண்டன் பதிப்பாளர் வில்லியம் ஹாலண்டின் பெயர் இருக்கும். அவருக்கு வரைந்து கொடுத்த ஆபிரகாம் ஜேம்ஸ், 67-வது படைப்பிரிவோடு 1798 முதல் 1801 வரை ஜமைக்காவில் இருந்த அதிகாரி. மஞ்சள் காய்ச்சலில் சாகும் புதுவரவுகளையும், சோம்பிக் கிடக்கும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளையும் அவர் கேலி செய்தார். அடிமைகளுக்காக அவர் வாதாடவில்லை. அவர்களையும் கோரமாகவே வரைந்தார். இதை மறைப்பது வாசகருக்குச் செய்யும் அநீதி.

'இராணுவ ஆட்சி' என்பதும் சரியல்ல. தீவில் ஆளுநரும் சட்டமன்றமும் இருந்தன. ஆபத்து வந்தால் சில காலத்துக்கு இராணுவச் சட்டம் அறிவிப்பார்கள். 1795 ஆகஸ்டில் டிரெலானி மரூன்களுக்கு (தப்பியோடிய அடிமைகளின் வழிவந்த சுதந்திரச் சமூகத்தினர்) எதிரான போரில் துணைநிலை ஆளுநர் பால்கரஸ் அப்படித்தான் அறிவித்தார்.

சீருடையின் நிறத்தை வைத்துப் படைப்பிரிவைச் சொல்வதும் ஆபத்து. செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரித்து, மையேற்றி, ஈரத்தாளில் உருளை அழுத்தியில் அச்சிடுவார்கள். தகட்டிலிருந்து வருவது மையின் கோடும் நிழலும்தான். நிறத்தைப் பெரும்பாலும் ஒவ்வொரு பிரதியிலும் கையால் தீட்டினார்கள். ஒரே தகட்டின் இரு பிரதிகளில் காலர் நிறம் வேறுபடலாம். அச்சில் இடவலம் மாறிவிடும் என்பதால், வழக்கமாக இடது இடுப்பில் இருக்கும் வாள் வலது இடுப்பில் தொங்கினால் அது வேறொரு படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் கீறிய நகலா என்று சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த முறை, தகடு அழுந்திய பள்ளம் நான்கு பக்கமும் தெரியும்படி படத்தை முழுதாக வெளியிடுங்கள். அடிவரி படிக்க முடியாத அளவுக்குச் சிறிதானால், அதைத் தனியே பெரிதாக்கிக் கீழே போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய அச்சுப்படங்களில் அக்கறையுள்ள வாசகர்