சாரம் கட்டிய ஓட்டையில் ஒன்றை மூடாமல் விடலாமே

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

மார்ச் 20 சிட்டுக்குருவி தினத்தையொட்டி பள்ளிப் பிள்ளைகளுக்கு மரக் கூண்டு கொடுத்த படங்களை உங்கள் நாளிதழில் பார்த்தேன். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் அப்படி மாட்டிய கூண்டுகள் இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. பலகை உப்பி, ஆணி கழன்று விழுந்துவிட்டன. குருவிக்கான இடம் சுவருக்குள்ளேயே இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. அதை வீடு கட்டும்போதே செய்துவிடலாம், செலவும் கிடையாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் அப்பா காலத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டினோம். பழைய வீட்டில் ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவில் எப்போதும் நாலைந்து ஜோடி குருவி குடியிருக்கும். இடித்த பிறகு ஒரு வாரம் போல எதிரே கரண்ட் கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தன, பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. அப்புறம் சுவர் எழும்பியது. எங்கள் பக்கம் இன்னும் சவுக்குக் கம்பில்தான் சாரம் கட்டுகிறார்கள். கம்பைச் சொருகுவதற்காகச் சுவரில் அங்கங்கே ஒரு செங்கல் அளவு இடம் விட்டுக்கொண்டே போவார்கள், பூச்சு வேலை மேலிருந்து இறங்க இறங்க சாரத்தைப் பிரித்து அந்த ஓட்டைகளையும் செங்கல் துண்டு வைத்து அடைத்துவிடுவார்கள். அப்படி அடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் காலையில் வாயில் தேங்காய் நாரோடு ஒரு ஆண் குருவி வந்தது. முந்தின நாள் திறந்திருந்த ஓட்டையைத் தேடி, ஈரப் பூச்சில் நகத்தை ஊன்றித் தொங்கிப் பார்த்தது, வழுக்கியது, மறுபடியும் வந்தது. நார் மட்டும் வாயிலேயே இருந்தது. கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டு, "சார், கீழே இன்னும் ரெண்டு ஓட்டை இருக்கு, அதை விட்ருவோமா?" என்றார்.

விட்டோம். ஒன்பது இஞ்ச் சுவர் என்பதால் இடம் தாராளம். உள்பக்கத்தை செங்கலால் அடைத்து, இரண்டு செங்கல் உயரத்துக்குப் பொந்தைப் பெரிதாக்கி, வெளிப்பக்கம் பூசும்போது ஒன்றேகால் இஞ்ச் கனத்தில் ஒரு கம்புத் துண்டைச் சொருகி வைத்து, சாந்து இறுகுமுன் உருவிவிட்டார். வாசல் அவ்வளவு சின்னதாக இருந்தால் போதும், இருக்கவும் வேண்டும். "ஏற்கனவே புறாத் தொல்லை தாங்கவில்லை" என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்கள், நியாயமான பயம்தான், ஆனால் அந்த ஓட்டைக்குள் புறாவும் நுழையாது, மைனாவும் நுழையாது. தரையிலிருந்து எட்டு பத்து அடி உயரம், மேலே சன்ஷேடு, மேற்கு வெயில் படாத சுவர், மழைத்தண்ணீர் தேங்காதபடி வெளிப்பக்கம் லேசான சரிவு. இவ்வளவுதான் கவனிக்க வேண்டியது. முன்பெல்லாம் வீட்டுக்குள் போட்டோவுக்குப் பின்னால் கூடு கட்டி, ஃபேனில் அடிபட்டுச் சாகும். வாசல் வெளிப்பக்கம் இருந்தால் அந்தக் கொடுமையும் இல்லை.

குருவி குறைந்ததற்கு செல்போன் கோபுரம்தான் காரணம் என்று இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020இல் வந்த அறிக்கை, நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை, சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்து வருகிறது என்று சொன்னது. குஞ்சுகளுக்குப் புழு பூச்சி வேண்டும், அதற்குச் செடி கொடி வேண்டும், உண்மைதான். ஆனால் பொந்தே இல்லாத வழவழப்பான சுவரில் அது எங்கே முட்டையிடும்?

இதைத் தனி ஆட்களின் இரக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. பிரிட்டனில் பிரைட்டன் நகராட்சி, ஐந்து மீட்டருக்கு மேல் உயரமுள்ள புதுக் கட்டடங்களில் உழவாரக் குருவிகளுக்கு இடம் வைக்க வேண்டும் என்று 2020இலேயே நிபந்தனை போட்டுவிட்டது. நம்மால் முடியாதா? 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோதும் ஆயிரம் சாக்கு சொன்னோம், செய்து காட்டவில்லையா? கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030க்குள் எட்டு லட்சம் குடிசைகள் கான்கிரீட் வீடாகப் போகின்றன. குடிசை போகத்தான் வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. கூடவே கூரை இறவாணத்தில் இருந்த குருவிகளும் போய்விடும். வீட்டுக்கு இரண்டு பொந்து என்று அந்த வரைபடத்திலேயே போட்டுவிட்டால் எட்டு லட்சம் வீட்டில் பதினாறு லட்சம் கூடு. வீட்டு வசதி வாரியமும் தன் அடுக்குமாடிகளில் இதையே செய்யலாம். ஸ்டீல் சாரம், ஹாலோ பிளாக் என்று கட்டுகிற இடங்களில் ஓட்டை தானாக அமையாது, அங்கே முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: சாரம் பிரிப்பதற்கு முன்பே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். பூச்சு முடிந்து பெயின்ட்டும் அடித்த பிறகு கேட்டால் உளியை எடுத்துக்கொண்டு வருவார், நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.