செயலாளர் ஆண்டறிக்கை 2024: கார் ஓட வேண்டும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நம் தமிழ் நண்பர் வட்டத்தின் 2024ஆம் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்கூட்டத்தில் நாம் ஒரே ஒரு தீர்மானம்தான் நிறைவேற்றினோம். நம் கார்கள் பெரும்பாலும் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவானவை. 35 வயது தாண்டிய காருக்கு முழு சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ், இல்லாமலே ஆண்டில் 45 நாள் சாலையில் ஓட்ட அனுமதி தருகிறது அந்தத் திட்டம். அந்த 45 நாளையும் ஓட்டித் தீர்ப்பது என்பதே தீர்மானம். அதற்கு முந்தைய ஆண்டில் நம்மில் பாதிப் பேர் 20 நாள்கூட ஓட்டவில்லை. காரைப் பொத்திப் பாதுகாக்கிறோம் என்ற நல்லெண்ணத்தில் போர்வை போட்டு மூடி வைத்திருந்தோம்.

இந்த ஊர்க் காற்றில் நிற்கிற கார்தான் சீக்கிரம் கெடுகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, அந்த ஈரம் வீல் சிலிண்டரை உள்ளேயிருந்து அரிக்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போல ஒட்டிக்கொள்கிறது. ரப்பர் சீல்கள் காய்ந்து சுருங்குகின்றன. 45 நாள் என்பது கணக்குப் போட்டால் 8 நாளுக்கு ஒருமுறை. இந்தக் கார்களுக்கு அது அதிகமில்லை, தேவையான அளவு.

அதற்காகப் பொங்கல் அன்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் சிராங்கூன் சாலையில் வாங்கிய முருகன் படம் போட்ட மாத நாள்காட்டி ஒன்று கொடுத்தோம். கார் வெளியே போன நாளைச் சிவப்பு மையால் வட்டமிட வேண்டும். இன்று பலர் அதைச் சுருட்டிக் கையில் கொண்டுவந்திருக்கிறீர்கள், பார்க்கவே மனம் நிறைகிறது. 4 பேர் 45ஐத் தொட்டுவிட்டார்கள். 30க்குக் கீழே போனவர்கள் 3 பேர் மட்டுமே. அந்த மூவரில் ஒருவரின் காரைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாம் எல்லோரும் மாமா என்றே அழைத்த நம் மூத்த உறுப்பினர் மாசி மாதம் காலமானார். அவருக்கு 74 வயது. 1962இல், 12 வயதுப் பையனாக, அப்பர் தாம்சன் சாலையோரப் புல்லில் நின்று யோங் நாம் கீ என்ற வீரர் ஜாகுவார் ஈ-டைப்பில் கார் பந்தயம் வென்றதைப் பார்த்தவர். முந்தைய ஆண்டு, அதாவது 1961இல், அங்கே நடந்த முதல் பந்தயத்தில் இயன் பார்ன்வெல் ஆஸ்டன் மார்ட்டின் டிபி3எஸ் காரில் வென்றார். அதை அப்பா காட்டவில்லையே என்ற வருத்தம் மாமாவுக்குக் கடைசி வரை இருந்தது. 1973இல் பந்தயமே நின்றுபோனது. ஸ்னேக்ஸ், டெவில்ஸ் பெண்ட் என்று அந்தப் பந்தயச் சாலை வளைவுகளின் பெயரைச் சொல்லும்போது அவர் கை தன்னையறியாமல் ஸ்டியரிங்கைத் திருப்பும். அவரது 1965ஆம் ஆண்டு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் அந்தப் பையனின் ஆசையில் வாங்கியதுதான்.

கார் மகளுக்கு வந்தது. ஆனால் அவரிடம் இருந்தது 3ஏ உரிமம், ஆட்டோ கியர் மட்டும். அப்பா காரை அவரால் வீட்டு வாசலைத் தாண்டி எடுக்க முடியாது. நாங்கள் ஓட்டித் தருகிறோம் என்றோம். காப்புறுதியில் வேறு பெயர் இல்லை, தவிர அவருக்கும் மனமில்லை. "நானே ஓட்டுறேன் அண்ணே, கொஞ்சம் நாள் கொடுங்க" என்றார். வேலை முடித்து வாரம் இரண்டு மாலை கிளட்ச் பழகி, செப்டம்பரில் 3ஆம் வகுப்புத் தேர்வில் தேறினார். அதற்குள் கார் ஏழு மாதம் நின்றுவிட்டது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு காலை அவர்கள் வீட்டு முன்புறம் ஆறு பேர் கூடினோம். பழைய பெட்ரோலை முழுதும் இறக்கினோம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, நான்காம் கியரில் போட்டுக் காரைத் தள்ளி எஞ்சினைச் சுற்ற நினைத்தோம். கார் அசையவில்லை. ஹேண்ட்பிரேக் போட்டபடியே நின்றதால் பின்பக்க இடது சக்கரத்தில் பிரேக் ஷூ துருவேறி டிரம்மோடு ஒட்டியிருந்தது. செம்புச் சுத்தியலை மகளிடமே கொடுத்தோம். கம்பிச் சக்கரத்தின் நடு நட்டை அவர்தான் அடித்துக் கழற்றினார். பிறகு டிரம்மைச் சுற்றிலும் மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தோம். ஏறக்குறைய 20 நிமிடம் கழித்து உள்ளேயிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், டிரம் கையோடு சுழன்றது. மாமி வாசற்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து சாவியைத் திருப்பியதும் பின்னாலிருக்கும் மின்சாரப் பெட்ரோல் பம்ப் படபடவென்று தட்டியது. கார்புரேட்டர் கிண்ணங்கள் நிறைய நிறைய அந்தத் தட்டல் மெதுவாகி நின்றது. அதன் பிறகுதான் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும் என்று மாமா நமக்கெல்லாம் சொல்லித் தந்ததை இப்போது மகள் செய்தார். மூன்றாவது முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இன்னொன்றையும் அவர் அன்று கற்றுக்கொண்டார். 1965ஆம் ஆண்டு எம்ஜிபியில் முதல் கியருக்கு சின்க்ரோ, அதாவது பற்கள் உரசாமல் கியர் விழ உதவும் அமைப்பு, கிடையாது. ஓட்டுநர் பள்ளியின் புதுக் காரில் பழகிய கை, வண்டி நிற்கும் முன்பே முதல் கியருக்குப் போகிறது, பற்கள் உரசிக் கதறுகின்றன. நின்ற பிறகும் இரண்டாம் கியரை ஒரு தொடு தொட்டுவிட்டு முதல் கியருக்கு வந்தால் சத்தமே வராது. மாமா கை அப்படித்தான் போகும், நம்மில் பலர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றதும் அதுதான். அடுத்த ஞாயிறு விடிகாலை நாம் எல்லோரும் பழைய அப்பர் தாம்சன் சாலைக்குப் போனோம். இப்போது அது இயற்கைப் பூங்காவை ஒட்டிய ஒருவழிச் சாலை, குரங்குகள் குறுக்கே வரும், மெதுவாகத்தான் போக முடியும். மகளின் கார் முன்னே போனது.

பராமரிப்பு வகுப்புகள் மூன்று நடந்தன. கிரீஸ் அடிக்கும் வகுப்பு பற்றி ஒரு வார்த்தை. எம்ஜிபி கையேடு முன்சக்கரம் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கச் சொல்கிறது. நம் ஓட்டத்துக்கு அந்த மைல் எத்தனை ஆண்டில் வருமோ! எனவே மைலை விட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வெளியே வரும் வரை அடிக்க வேண்டும். எஸ்யூ கார்புரேட்டர் வகுப்பில் பிள்ளைகள்தான் அதிகம் ரசித்தார்கள். பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று கீழே விழ வேண்டும், விழாவிட்டால் உள்ளே ஏதோ தடுக்கிறது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி காதை வைத்துக் கேட்டு எந்தக் கார்புரேட்டர் சரியில்லை என்று சொன்னாள், பிரித்துப் பார்த்தால் அவள் சொன்னதே சரி.

ஒரு எச்சரிக்கை. 1967 வரை வந்த எம்ஜிபிகளில், இன்றைய கார்களுக்கு நேர்மாறாக, பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு சேர்ந்திருக்கும். கைப்பேசிச் சார்ஜர், கேமரா எதைப் பொருத்தினாலும் முதலில் இதைப் பாருங்கள். இந்த ஆண்டு ஒருவர் காரில் ஒயர் புகைந்தது. நல்ல வேளையாக அவர் பக்கத்திலேயே இருந்தார்.

ஜூன் மாதம் மலேசியாவின் கோத்தா திங்கிக்குப் போன பயணத்தில் தாமதம் என்னால்தான். சிங்கப்பூர்க் கார் நிலவழியாக எல்லை தாண்டும்போது டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது விதி. நான் நிரப்பிக்கொண்டுதான் வந்தேன், ஆனால் சோதனைச்சாவடியில் என் கார் முள் பாதிக்கும் கீழே நின்றது. அதிகாரி பார்த்தது முள்ளைத்தான், அது அவர் கடமை. திரும்பி வந்து மறுபடி ஊற்றினால் இரண்டு லிட்டர்கூடப் பிடிக்கவில்லை. ஜோகூர் பாருவில் நீங்கள் எல்லோரும் வெயிலில் காத்திருந்தீர்கள். டாங்கிக்குள் இருக்கும் மிதவையை இப்போது மாற்றிவிட்டேன். மற்றவர்களும் அடுத்த பயணத்துக்கு முன் டாங்கியை நிரப்பி முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

நம்மில் ஒருவர் மட்டும் முழு சிஓஇயோடு தினமும் வேலைக்கு 1275 சிசி எம்ஜி மிட்ஜெட்டில் போகிறார். அவர் தந்தை காலத்திலிருந்து விடாமல் பதிவில் இருக்கும் கார். சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல் கட்டணம், 10 ஆண்டுக்கு ஒருமுறை சிஓஇ புதுப்பிப்பு. 2023 அக்டோபரில் 'ஏ' பிரிவு சிஓஇ 106,000 வெள்ளிக்குப் போனபோது நாம் எல்லோரும் அவருக்காகக் கவலைப்பட்டோம். அவர் கார்தான் நம் வட்டத்திலேயே குறைவாகப் பழுதாகும் கார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். கையிருப்பு இருக்கிறது, கடன் இல்லை.

2030இலிருந்து புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தியில் ஓட வேண்டும், 2040க்குள் பெட்ரோல் வண்டிகளைப் படிப்படியாக நீக்கிவிட வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. இந்தக் காற்றை நம் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள், அந்த இலக்கு நியாயமானது. 1998இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோதும் நம் முன்னவர்கள் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, ஈயம் இல்லாமலும் தேயாத கடினமான வால்வு சீட் போட்டுத் தங்களை மாற்றிக்கொண்டார்கள். நாமும் இப்போதே பேசத் தொடங்க வேண்டும். அதற்கு ஒரு துணைக்குழு அமைக்க இந்தக் கூட்டம் ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

புதிய நாள்காட்டிகள் பின்மேசையில் இருக்கின்றன, போகும்போது எடுத்துச் செல்லுங்கள். மாமாவின் மகள் பழைய நாள்காட்டியை இன்று கொண்டுவந்திருக்கிறார். ஜனவரியில் மாமா கையால் இட்ட இரண்டு வட்டங்கள், அக்டோபர் முதல் மகள் கையால் 11.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்