அடிமனை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. ஊர் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு இன்னும் ராத்திரி மூன்று மணிக்கே விழிப்புத் தட்டிவிடுகிறது. மற்றபடி சௌக்கியம்.

சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் சீனர்கள் கட்டிய அந்த லாக் ஊருக்குக் கூட்டிப்போன அன்று, "பாக்க ஒண்ணுமே இல்லப்பா, ஒரு ஞாயித்துக்கிழமை வீணாப்போச்சு" என்று காரில் இரண்டு தடவை சொன்னாய். நான் தூங்குகிற மாதிரி சாய்ந்திருந்தேன். 1874இல் கட்டி முடித்த சாக்ரமென்டோ சட்டமன்றத்தையும் காட்டினாய், கோல்டன் கேட் பாலத்தையும் காட்டினாய். அழகுதான், யார் இல்லை என்றது. ஆனால் கண்ணை மூடினால் வந்து நிற்பது அந்தச் சாயம் போன மரவீடுகள்தான்.

ஆற்றங்கரைச் சாலையில் நின்று பார்த்தால் ஒரே மாடி. கீழே கடைத்தெருவில் இறங்கிப் பார்த்தால் அதே வீடு இரண்டு மாடி. கரையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த மாதிரி! அந்தப் பக்கத்துக் கரைகளைப் போட்டதே சீனர்கள்தானாம். சேற்றில் நின்று மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகப் போட்டிருக்கிறார்கள். சதுப்பு, பேரிக்காய்த் தோட்டமானது. ஆனால் 1913இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது: குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர் நிலம் வாங்கக் கூடாது. சீனாவிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமையே கிடையாதே அப்போது!

1915இல் பக்கத்து ஊரான வால்நட் குரோவில் சீனர் குடியிருப்பு எரிந்தபோது, கொஞ்சம் பேர் ஜார்ஜ் லாக் என்ற நிலக்காரரிடம் போய் நின்றிருக்கிறார்கள். தரை என்னுடையது, மேலே கட்டுகிற வீடு உங்களுடையது, வாடகை கொடுங்கள் என்றாராம் அவர். வாய்ப்பேச்சுதான், எழுத்தில் ஒன்றும் இல்லை.

நீ இதைப் படித்துச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன், மாப்பிள்ளை "என்ன மாமா?" என்றார். அவருக்கு எப்படிச் சொல்வது? நம் வீடும் அதுதானே. சுவர் தாத்தா எழுப்பியது, மனை கோயிலுடையது, மாதாமாதம் அடிமனை வாடகை. அதை வைத்து பாங்கில் ஒரு ரூபாய் கடன் கேட்க முடியாது. உன் படிப்புக்கு அம்மாவின் வளையல் போனது அதனால்தான். நமக்காவது வேறு இடத்தில் மனை வாங்கத் தடையில்லை, வசதிதான் இல்லை.

அங்கே 1952இல் கோர்ட் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. ஆனாலும் லாக்கில் வீட்டுக்காரர்கள் தங்கள் அடிமனையை விலைக்கு வாங்க முடிந்தது 2004இல்தான். அதற்குள் கட்டியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பிள்ளைகள் படித்து நகரங்களுக்குப் போய்விட்டார்கள்.

சொல்ல மறந்தேன், லாக்கின் பழைய சூதாட்ட விடுதியில் பொத்தான்களை நாலு நாலாக ஒதுக்கி மிச்சத்துக்குப் பந்தயம் கட்டுவார்கள் என்றாயே, அதை அம்மா பக்கத்து வீட்டில் புளியங்கொட்டை வைத்துச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் இருவருக்கும் குடியுரிமை இன்னும் வரவில்லை. ஆனாலும் அதே கலிபோர்னியாவில் வீடும் மனையும் உங்கள் பேரில். அந்தப் பத்திரத்தின் நகல் ஒன்று தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம். பீரோவில் வைக்க வேண்டும், அதில் இதுவரை பத்திரம் என்று ஒன்று இருந்ததில்லை.

அப்பா