ஐந்து நட்சத்திரம் வாங்கியும் கழித்தல் வரவில்லை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

பொருள்: தங்கள் தொடக்கநிலைக் கணிதச் செயலியில் உள்ள பிழைகள், மீதிச் சந்தாவைத் திருப்பிக் கேட்டல்.

வணக்கம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்காகத் தங்கள் செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டி ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் வந்த முன்னேற்ற அறிக்கையில் 'இரண்டிலக்கக் கழித்தல்: 92 சதவீதத் தேர்ச்சி' என்று போட்டிருந்தீர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று மாலை செயலியில் இருந்த ஒரு கணக்கையே நோட்டில் எழுதிக் கொடுத்தேன்: 62 − 38. விடை 36 என்று எழுதினாள்.

எப்படி வந்தது என்று கேட்டேன். "ரெண்டுல எட்டு போகாதுல்ல, அதான் எட்டுல இருந்து ரெண்டை எடுத்துட்டேன்" என்றாள். 71 − 45 கொடுத்தேன், 34 என்றாள். 50 − 26க்கு மறுபடியும் 36. மூன்றிலும் ஒரே தவறு. கவனக்குறைவாக இருந்தால் இவ்வளவு ஒழுங்காக வராது. எந்த இலக்கம் மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று அவளாகவே ஒரு விதி வைத்திருக்கிறாள். பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்குவது அவளுக்குப் புரியவே இல்லை. கழித்தல் படிக்கிற பிள்ளைகளிடம் அடிக்கடி காண்கிற தவறுதான் இது. நோட்டைப் பார்க்கிற ஆசிரியருக்கு இரண்டே கணக்கில் தெரிந்துவிடும்.

அப்படியானால் அந்த 92 எங்கிருந்து வந்தது? அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். 62 − 38க்கு நீங்கள் கொடுக்கும் நான்கு விடைகள்: 100, 24, 7, 95. அவள் போட்ட 36 அதில் இல்லை. ஒரு நொடி முழித்தாள். அப்புறம் 100, 95 இரண்டும் 62ஐ விடப் பெரிசு, 7 ரொம்பச் சின்னது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு 24ஐத் தொட்டாள். திரையில் பட்டாசு வெடித்தது, ஐந்து நட்சத்திரம் கொட்டியது. அவள் யோசித்த விதம் கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் கழித்தல் எங்கே நடந்தது? 36ஐயும் ஒரு விடையாக வைத்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். விடையை அவளே தட்டெழுதும்படி விட்டிருந்தால் இன்னும் நல்லது.

தப்பாகத் தொட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. முதலில் பார்த்த அதே நான்கு நிமிட வீடியோ மறுபடி ஓடுகிறது. மூன்று முறை தவறினால் சரியான விடையை நீங்களே காட்டி அடுத்த கணக்குக்கு அனுப்பிவிடுகிறீர்கள். பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? என் மகளுக்கு இரண்டு நாள் ஆனது.

பாடத்திலேயே பிழைகள் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னப் பாடத்தில் ஒரு வட்டத்தைச் சம இடைவெளியில் மூன்று செங்குத்துக் கோடு போட்டு நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றும் ¼ என்கிறீர்கள். ஓரத்துத் துண்டுகள் சிறியவை, நடுவில் இருப்பவை பெரியவை. எல்லாத் துண்டும் சமமாக இருந்தால்தான் கால் என்பதே அந்தப் பாடத்தின் உயிர். கூட்டல் வீடியோவில் 5 + 3 = 8 + 2 = 10 என்று ஒரே வரியில் எழுதுகிறார்கள். 5 + 3 எப்படி 10க்குச் சமமாகும்? சமக்குறி என்றால் 'விடை இதோ' என்று பிள்ளைகள் நினைப்பது இப்படித்தான் தொடங்குகிறது. இப்போது 8 + 4 = □ + 5 என்று கொடுத்தால், 7 வர வேண்டிய இடத்தில் என் மகள் 12 போடுகிறாள்.

பத்து விநாடிக் கடிகாரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது ஓடும்போது அவள் கணக்கைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கிறாள். அதை நிறுத்த அமைப்புகளில் வழியே இல்லை.

இணையத்தில் இதையெல்லாம் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் ஃபெட் (PhET) என்ற கணித, அறிவியல் செய்முறைத் தளத்தில், ஒரு வடிவத்தை எத்தனை பாகமாகப் பிரிக்க வேண்டும் என்று பிள்ளையே முடிவு செய்து, துண்டுகளை இழுத்துப் போட்டுப் பின்னத்தை உருவாக்கலாம். துண்டுகள் எல்லாம் சமமாகவே இருக்கின்றன. பட்டாசு வெடிப்பதில்லை, காசும் கேட்பதில்லை. காசு வாங்குகிற உங்களிடம் அந்த அளவாவது எதிர்பார்ப்பது தப்பா?

இதையெல்லாம் சுருக்கமாக இரண்டு முறை செயலி வழியே எழுதினேன். இரண்டு முறையும் 'இணைய இணைப்பைச் சரிபார்த்து, செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவவும்' என்றே பதில் வந்தது. நிறுவினேன். வட்டம் அப்படியேதான் இருக்கிறது.

மீதமுள்ள ஏழு மாதச் சந்தாவைத் திருப்பித் தர வேண்டும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியையும் என் கணக்கில் நிறுத்திவிடுங்கள். வட்டப் படத்தையும் சமக்குறி வீடியோவையும் மற்ற பிள்ளைகளுக்காகவாவது உடனே திருத்துங்கள். பெற்றோருக்கு அனுப்பும் அறிக்கையில் சதவீதத்தோடு, பிள்ளை தவறவிட்ட கணக்கையும் அவள் போட்ட விடையையும் காட்டுங்கள். அது இருந்திருந்தால் இந்த ஐந்து மாதம் வீணாகியிருக்காது.

பத்து நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். இந்த முறை யாராவது ஒரு மனிதர் படித்துவிட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
சந்தாதாரரும் மாணவியின் தாயும்

இணைப்பு: மகளின் நோட்டுப் பக்கத்தின் படம், வட்டம் மற்றும் கூட்டல் வீடியோவின் ஸ்க்ரீன்ஷாட்டுகள், சந்தா ரசீது.