சொல்லாமல் இருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

என் மகளுக்கு வயது 14. சென்ற கல்வியாண்டில் ஏழு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. காலையில் கண் விழித்ததும் வயிற்றுவலி வரும், பத்து மணிக்குப் போன இடம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எட்டிக்கூடப் பார்க்காது. "நடிக்கிறா" என்று முதலில் சொன்னவன் நான்தான்.

குழந்தைநல மருத்துவருக்கு முதல் நன்றி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதிலும் ஒன்றும் இல்லை. அப்படியே அனுப்பியிருக்கலாம். "வயித்துல நோய் இல்ல, ஆனா வலி பொய்யில்ல. பயம் வயித்துலயும் வலியா வரும்" என்று அவளை வைத்துக்கொண்டே சொன்னார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அதன்பின் ஆலோசகர் ஒருவரைப் பார்த்தோம். அரை மணி நேரம் அறிவுரை சொல்லி அனுப்பினார். அறிவுரை சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறோமே!

இனி, குடும்பச் சிகிச்சையாளரான உங்களுக்கு, மேடம். ஸ்கூட்டரைப் பழுதுபார்க்க விட்டுவிட்டுப் போகிறவனைப் போலத்தான் உங்களிடம் வந்தேன். "எத்தனை சிட்டிங் ஆகும்?" என்றுகூடக் கேட்டேன். "அடுத்த வாரம் வீட்ல இருக்கற எல்லாரும் வாங்க" என்றீர்கள். பாட்டியுமா என்றதற்கு, பாட்டியும்தான் என்றீர்கள்.

முதல் நாளே எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு விதி சொன்னீர்கள். அவள் தனியாகப் பேசுவது அவளுக்கும் உங்களுக்கும் மட்டும். அவள் உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்றாலோ, யாராவது அவளைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தாலோ மட்டும் எங்களிடம் சொல்வீர்கள், அதையும் அவளிடம் சொல்லிவிட்டு. பீஸ் கட்டுகிறவன் நான், எனக்கே தெரியக்கூடாதா என்று உள்ளுக்குள் கொதித்தேன். வாசலில் நின்று இரண்டு முறை கேட்டும் பார்த்தேன். "அவளே சொல்லுவா சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு பெரிய தாளைக் கொடுத்துக் குடும்பப் படம் வரையச் சொன்னீர்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சண்டை இருக்கும் இடத்தில் ஏறி இறங்கும் கூர்மையான கோணல் கோடு. அவள் சிவப்பு ஸ்கெட்ச் எடுத்து எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் ரம்பப் பல் போல ஒரு கோடு இழுத்தாள். தன் வட்டத்தை அந்தக் கோட்டின் மேலேயே போட்டாள். அறையில் யாரும் பேசவில்லை. "நான் ஸ்கூலுக்குப் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்கப்பா" என்றாள்.

உண்மைதான். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "அம்மாகிட்ட பில் கட்டியாச்சுன்னு சொல்லு" என்று மாதக்கணக்கில் அவள் வழியாகவே குடும்பம் நடத்தியிருக்கிறோம். இரண்டு பேருக்குள் இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்று முர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சொல்லி, அதை முக்கோணம் என்று குறித்திருப்பதைப் பிறகு படித்தேன். எங்கள் வீட்டு முக்கோணத்தை வரைந்து காட்டியவள் என் மகள். இதையே நீங்கள் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். அவள் வாயால் கேட்டபோது வாதாட ஒன்றுமில்லை. நீங்கள் வாய் திறக்காமல் இருந்ததற்குத்தான், மேடம், இந்த மடலே.

அம்மா, உனக்கும் நன்றி. வீட்டில் இருந்துவிட்டால் அன்றைக்குப் பயம் தணியும், மறுநாள் இரண்டு மடங்காக வரும் என்று மேடம் விளக்கியபோது எனக்கு முன்னால் பிடித்துக்கொண்டவள் நீ. பள்ளி நேரத்தில் டிவி, மொபைல் இரண்டையும் மூடி வைத்தாய், ஆனால் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. பேத்திக்காக உன் சீரியலையும் விட்டது பெரிய தியாகம் என்று எனக்குத் தெரியும்.

வகுப்பாசிரியர் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக வர விட்டார். முதல் இரண்டு நாள் கேட் வரை வந்து திரும்பினாள். பிறகு நூலகத்தில் ஒரு மணி நேரம், அப்புறம் அவளுக்குப் பிடித்த இரண்டு பாடம். "இத்தனை நாள் எங்க போயிருந்தே?" என்று வகுப்பில் ஒருவரும் கேட்காதபடி பார்த்துக்கொண்டார். எப்படிச் சமாளித்தாரோ!

எட்டு வயதுச் சின்னவனே, அக்காவின் பயத்துக்குப் பெயர் வைக்கச் சொன்னதும் நீ வைத்த 'காலைப்பேய்' வீட்டில் நிலைத்துவிட்டது. "இன்னிக்குக் காலைப்பேய் வந்துச்சா?" என்று கேட்கலாம். "உனக்கு என்னதான் பிரச்சினை?" என்று கேட்டால் வீடு இரண்டாகும்.

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாங்களோ ஏழு வாரமும் அக்கம்பக்கத்தில் "வைரல் காய்ச்சல்" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. போன வாரம்கூட ஒரு நாள் போகவில்லை. நானும் மனைவியும் இப்போதும் சண்டை போடுகிறோம், ஆனால் நேருக்கு நேர்.

இந்த மடலை மகளிடம் காட்டி அனுமதி வாங்கினேன். நிதானமாகப் படித்து இரண்டு பத்திகளை அடித்துவிட்டாள். அவற்றில் என்ன இருந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நன்றியுடன்,
ஒரு தகப்பன்